நாற்பத்தொன்றின் இடது இறக்கை

நாற்பத்தொன்று ஒரு தெர்மகோல் பெட்டியில் வந்தது. மின்கம்பியில் மோதி இறந்த வெண்முதுகுப் பாறு, பிணந்தின்னிக் கழுகு. பெட்டியைத் திறந்த நிலோஃபர், பறவையின் காலிலிருந்த வளையத்தை ஈரத்துணியால் துடைத்து எண்ணை உரக்கப் படித்தாள். நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். கை பாதியில் நின்றுவிட்டது.

"தெரிஞ்ச பறவையா மேடம்?"

"ஒரு தடவை பார்த்திருக்கேன்."

பார்த்திருக்கிறேன் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

தோல்வண்டுகளுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஆய்வுக்கூடத்தின் கடைசி அறையில் கண்ணாடித் தொட்டிகளில் நாங்கள் வளர்க்கும் வண்டுகள் அவை. சதையை ஒரு நூல் மிச்சமில்லாமல் தின்றுவிட்டு எலும்பை மட்டும் விட்டுவைக்கும். பிறகு மேசையில் கறுப்புத் துணி விரித்து இரண்டு இறக்கைகளின் எலும்புகளையும் வரிசையாக அடுக்கினோம். நிலோஃபர் எங்களிடம் சேர்ந்து ஏழு மாதம். அதற்கு முன் ஒரு மருத்துவமனையில் மனித எலும்புகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள்.

"நம்ம கையேதான் மேடம் இது. தோள், மேற்கை, முன்கைல ரெண்டு எலும்பு, மணிக்கட்டு. கட்டைவிரல்கூட இருக்கு. ரெண்டு விரலைத்தான் காணோம். மோதிர விரலே இல்லையே, நிச்சயதார்த்தத்துக்கு என்ன பண்ணும் பாவம்?"

"ஆயுசுக்கும் ஒரே ஜோடிதான் அதுக்கு. மோதிரம் தேவைப்படாது."

"ஜோக்குக்குக்கூட அடிக்குறிப்பு போடுவீங்க நீங்க."

மேற்கை எலும்பைக் கையில் எடுத்தாள். அதன் நீளத்துக்கு அது இருக்க வேண்டிய கனம் இல்லை என்பதை அவள் விரல்கள் உணர்வதைப் பார்த்தேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் அது நடக்கும். தூக்கிய கை கொஞ்சம் மேலே போய்விடும்.

"உள்ள காத்துதான்" என்றேன். "நுரையீரலோட சேர்ந்த காத்துப்பை ஒண்ணு இந்த எலும்புக்குள்ள நுழையுது. தொண்டை அடைச்சுக்கிட்டாலும், இது உடைஞ்சு திறந்திருந்தா இது வழியா மூச்சு விடும்."

"கையாலயா மூச்சு விடும்?"

இதே கேள்வியை, இதே குரல் உயர்வோடு, நஞ்சன் கேட்டிருக்கிறார். பதினோரு வருடத்துக்கு முன்பு, இறக்கை முறிந்து கிடந்த ஒரு பாறின் தோளருகே காதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "மேடம், கையால மூச்சு விடுதுங்க" என்றார். அன்று மாலைவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஜீப் ஓட்டுநரிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார். வீட்டுக்குப் போய் மனைவி செல்லியிடமும் சொல்லியிருப்பார்.

நஞ்சன் எங்கள் திட்டத்தின் பாறுக் காவலர். மாயாற்றின் வடகரையில் உள்ள நெல்லிக்கொம்பைக்காரர். காட்டில் எங்கே எந்தப் பறவை இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைப்பதும், தேவைப்படும்போது பிடித்துத் தருவதும் அவர் வேலை. இரண்டு வருடம் ஏழு மாதத்துக்கு முன் ஓர் ஐப்பசித் திங்கட்கிழமை காலையில் கூடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஆற்றில் போய்விட்டார் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தவர்களில் முதல் ஆள் நான்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று செல்லி எனக்குப் போன் செய்வார். "சாப்பிட்டீங்களா அக்கா" என்பார். மழை எப்படி என்று கேட்பார். கடைசியில், வைப்பதற்கு முன், "பறவை ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்பார். இறந்த பறவைகள் எங்களிடம்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. கணவரின் வேலையைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வேன். "வரலை செல்லி" என்பேன். "சரிங்க" என்று வைத்துவிடுவார்.

நாற்பத்தொன்று வந்த பிறகும் ஒரு ஞாயிறு கடந்தது. அன்றும் வரவில்லை என்றே சொன்னேன். முதலில் படித்துவிடலாம் என்று நினைத்தேன்.

*

"ஒரு சந்தேகம் மேடம்" என்றாள் நிலோஃபர், முன்கையின் தடித்த எலும்பை அறுவைப் பலகையில் பொருத்திக்கொண்டே. "ஒரு சின்னக் கருவியை முதுகுல கட்டி விட்டா எங்க போச்சுன்னு தெரிஞ்சுடும். எதுக்கு எலும்பைப் போய்ப் படிக்கணும்?"

"கட்டினோம். வார் உரசி இறக்கை புண்ணாச்சு. கிளையில மாட்டி தொங்கிச்சு. இருந்ததே நூத்தம்பது பறவை. அதனால மேல எதையும் கட்டக்கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. கால்வளையம் மட்டும் போடலாம்."

"அதுக்கப்புறம் உங்க உப்பு."

"எலும்பை வளைச்சா அதுல துளி மின்சாரம் பிறக்கும். உன் எலும்புலயும்தான். குஞ்சா இருக்கும்போது நாம தீனியில கொடுக்குற உப்பு, மின்சாரம் வந்த இடத்துல போய்ப் படியும். ஒவ்வொரு தரம் இறக்கையை அடிக்கும்போதும் ஒரு வரி. வட்டம் போடும்போது வெளிப்பக்க இறக்கைக்கு ஒரு சுமை, உள்பக்கத்துக்கு வேற சுமை. ரெண்டு எலும்பையும் சேர்த்துப் படிச்சா எப்ப இடது பக்கம் திரும்பிச்சு, எப்ப வலது பக்கம், எவ்வளவு உயரம் ஏறிச்சு, எல்லாம் வந்துடும். கூட்டுல இருந்து கணக்குப் போட்டா போன வழி கிடைச்சுடும்."

"தின்னதும் தெரியுமா?"

"எடை கூடிடுமே. எழும்பும்போது எலும்பு சொல்லிடும்."

உயிரோடிருக்கும் பறவையைப் பிடித்தால், எலும்பின் மேலடுக்கை மட்டும் வெளியிலிருந்தே படிக்க ஒரு தட்டு உண்டு. கடைசிப் பத்து நாள் கிடைக்கும். தட்டில் பறவையை மல்லாக்கக் கிடத்தி இரண்டு இறக்கைகளையும் விரித்து வைக்க வேண்டும். தலை அந்தப் பக்கம். அப்போது அதன் இடது என் வலது கைப்பக்கம் வரும். தட்டு அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. அதை ஒரு விதியாக எங்கும் எழுதி ஒட்டியதில்லை. ஒட்ட வேண்டிய தேவை வந்ததில்லை. கிடத்தியவர் எப்போதும் நஞ்சன்தான்.

அவர் மல்லாக்கப் போட்ட பறவை துடித்து நான் பார்த்ததில்லை. துணியால் தலையை மூடி, ஒரு கையை அதன் நெஞ்சில் வைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மேடம் படிச்சுட்டு விட்டுருவாங்க" என்பார். வங்கியில் கையெழுத்துப் போடப் பயப்படும் மனிதரிடம் பேசுவதுபோல இருக்கும். இறக்கை விரிந்ததும் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும். அந்த வெள்ளையில் சாயத்தால் எண் எழுதியிருக்கும், தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே எந்தப் பறவை என்று தெரிய வேண்டுமே. அதை எழுதுவதும் அவர்தான். அவருடைய நான்கு எப்போதும் ஒரு நாற்காலியைக் கவிழ்த்தது போல இருக்கும்.

*

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நாற்பது பேர் தேடினார்கள். செவ்வாய் முழுக்க மழை. புதன்கிழமை காலையில் ஆறு இரு கரையும் புரண்டு ஓடியது. தென்கரைக்குப் போக வேண்டுமானால் பாலம் வழியாக இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். எந்தக் கரையில் தேடுவது என்பதே யாருக்கும் தெரியவில்லை. கூடுகள் ஆற்றின் நடுத்திட்டில் நிற்கும் நீர்மருது மரங்களில் இருந்தன. இரண்டு கரையிலிருந்தும் அவற்றைப் பார்க்கலாம்.

எனக்கு அந்த யோசனை வந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்று நினைத்தால் அந்தச் சந்தோஷம்தான் கூசுகிறது. அடிபட்டுக் கிடக்கும் எதையும் பாறுகள் நமக்கு முன்பே பார்த்துவிடும். ஆனால் இறங்காது. அசைவு நிற்கும்வரை மேலே வந்து வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால் ஒரு பறவையைப் பிடித்துப் படித்தால் அவர் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இறங்கியதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை எல்லோரும் தேடலில் இருந்தார்கள். தீனிப் பாறைக்கு அருகே இருந்த மறைவுக் குடிசைக்கு என்னோடு வந்தது செல்லி மட்டும்தான்.

"நான் புடிக்கறேனுங்க. அவர் புடிக்கறதை எத்தனை தரம் பாத்திருக்கேன்" என்றார்.

பிடித்தார். போர்வையைப் போட்டு அமுக்கி, தானும் அதன்மேல் பாதி விழுந்து, நகம் பட்டு மணிக்கட்டில் ரத்தம் வழிய, பிடித்துவிட்டார். நான் தட்டை இயக்கிக்கொண்டிருந்தேன். போர்வையோடு கொண்டுவந்து கிடத்தி, இறக்கைகளை மட்டும் வெளியே உருவி விரித்தார். எண் தெரியவில்லை. மழையில் சாயம் போயிருக்கும் என்று காலைத் தடவி வளையத்தைப் பார்த்து எழுதினேன்: 41. பதிவுத்தாளில் பறவையைப் பிடித்தவர் என்ற இடத்தில் 'செல்லி' என்று எழுதினேன். பறவை அசையாமல் கிடந்தது. செல்லி அதன் முதுகைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் கோடு வளர்ந்தது. திங்கள் மாலை மூன்று மணியிலிருந்து ஒரே இடத்தின் மேல் திரும்பத் திரும்ப வட்டம். இறங்கவே இல்லை.

"உயிரோட இருக்கார் செல்லி" என்றேன்.

செல்லி என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கோடு காட்டிய இடம் வடகரைச் சரிவு. நாற்பது பேரையும் அங்கே கொண்டுபோனோம்.

வியாழக்கிழமை மதியம் செல்லி என்னிடம் வந்தார். ஆற்றங்கரையில் வயர்லெஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, அந்தக் கரை மேல சுத்துதுங்க. ஏழெட்டு இருக்கு. நேத்தும் பாத்தேன். கீழ இறங்கல."

"அது வேற ஏதாவதா இருக்கும் செல்லி. காட்டெருமை கிடக்கும்."

"ஒரு நாலு பேரு போய்ப் பாத்துட்டு வந்துட்டா…"

தேடுதலுக்குப் பொறுப்பான அதிகாரி தேவசகாயம் பக்கத்தில்தான் இருந்தார். "என்ன மேடம், பத்துப் பேரைச் சுத்தி அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அவர் கேட்டார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பத்துப் பேரை அனுப்பினால் வடகரையில் அரைநாள் பிந்தும் என்று எனக்குத் தோன்றியது.

"ஆளைப் பிரிக்காதீங்க சார்" என்றேன். செல்லியின் தோளைத் தொட்டு, "மனுஷன் கண்ணு ஏமாறும் செல்லி. எலும்பு தப்பு சொல்லாது" என்றேன்.

செல்லி தலையாட்டினார். சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஆற்றைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமையும் தேடினோம். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை கட்டிப்போனது. ஞாயிற்றுக்கிழமை வடகரைச் சரிவில் ஒரு கடமானின் எலும்புக்கூடு கிடைத்தது. பறவை அதைத்தான் சுற்றியிருக்கிறது என்று ஆயிற்று. கேள்வி முடிந்துவிட்டது. செல்லியிடம் போய், "முதல் நாளே ஆத்துல போயிட்டார் செல்லி. நொடியில முடிஞ்சிருக்கும். கஷ்டப்பட்டிருக்க மாட்டார்" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அதையும் சொன்னேன்.

*

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் நிலோஃபர். "ரெண்டும் ஒட்டமாட்டேங்குது."

அறுத்த எலும்பின் வரிகள் முழுதாகப் படித்து முடிந்திருந்தன. ஒன்பது வருட வாழ்க்கை. அந்த ஐப்பசி வாரத்தை மட்டும் எடுத்து, நான் அன்று தட்டில் படித்த கோட்டின்மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். திரையில் ஆறு கிழக்கு நோக்கி நேராக ஓடியது. பழைய கோடு அதன் மேலே. புதிய கோடு அதன் கீழே.

"கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு. உங்களோடதைத் திருப்பிப் போட்டுப் பாக்கட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் திருப்பிவிட்டாள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. முடியிழை வித்தியாசம்கூட இல்லை.

"எது சரி மேடம்?"

"இதுதான் சரி." மேசையிலிருந்த இடது முன்கை எலும்பை எடுத்தேன். "பாரு, வெளிப்பக்கம் வரிசையா புடைப்பு. ஒவ்வொரு புடைப்புலயும் ஒரு இறகு ஊணியிருக்கும். எலும்பு வளையுற பக்கத்தையும் இந்தப் புடைப்பையும் பார்த்தா இது இடதா வலதான்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடலாம். வெறும் எலும்பு மாறாது."

"அப்ப அன்னைக்கு?"

அன்றைக்குத் தட்டின் மேல் விரிந்திருந்த இறக்கைகளின் நிறம் எனக்கு நினைவுக்கு வந்தது. கறுப்பு. பாறின் இறக்கைக்கு அடிப்பக்கம்தான் வெள்ளை. மேல்பக்கம் கறுப்பு. சாயம் மழையில் போகவில்லை. எண் கீழே இருந்தது. பறவை குப்புறக் கிடந்தது. இடது வலதாயிற்று, தென்கரை வடகரையாயிற்று. செல்லி முதுகைத் தடவிக்கொண்டே சொன்னதும் இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்து என் காதில் விழுந்தது. "மல்லாக்கப் போட்டா பயந்துக்குமுங்க. இப்படியே கெடக்கட்டும்."

"சரி சரி" என்று சொல்லியிருக்கிறேன் நான்.

நிலோஃபர் கோட்டைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டிருந்தாள். திங்கள், செவ்வாய் மழை விட்ட நேரம், புதன், வியாழன். தினமும் நாலைந்து முறை. வெள்ளி. இறங்கவில்லை. சனிக்கிழமை காலை தாழப் பறந்து சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தது. சனி மதியம் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்தில் இறங்கியது. இரண்டு மணிக்கு மறுபடி எழும்பியது. அப்போது எடை எழுநூறு கிராம் கூடியிருந்தது.

நிலோஃபர் அந்த எண்ணை உரக்கப் படிக்காமல் நிறுத்திக்கொண்டாள். ஆறு நாள் என்று நான் மனத்துக்குள் எண்ணினேன். என் கையிலிருந்த எலும்பைக் கீழே வைக்கத் தெரியவில்லை எனக்கு. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு படிந்த அடுக்கு, ஒரு நகத்தின் கனம்கூட இல்லாத அடுக்கு, அதற்குள் இருந்தது. அது எதிலிருந்து கட்டப்பட்டது என்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றி நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

"திருத்த அறிக்கை போடணும் மேடம்" என்றாள் நிலோஃபர். குரல் தாழ்ந்திருந்தது. "பிழை எப்படி நடந்துச்சு, பறவையைக் கிடத்தினது யாருன்னு எழுதணும். ஒரு பிரதி குடும்பத்துக்குப் போகும். அது விதி." பழைய பதிவுத்தாளைத் திருப்பினாள். "பிடித்தவர், செல்லி. யார் மேடம் இது?"

தாளை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

*

நெல்லிக்கொம்பைக்கு மறுநாள் காலையிலேயே புறப்பட்டுவிட்டேன். வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஆறு நாள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? இடத்தை மட்டும் சொன்னால் போதாதா? நொடியில் முடிந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் போய், ஆறு நாள் உயிரோடிருந்தார், நாம் எதிர்க்கரையில் இருந்தோம் என்று சொல்வது யாருக்காக? என் பாரத்தை அவர் தலையில் இறக்கி வைக்கத்தானே போகிறேன்? கேள்விகள் நியாயமாகத்தான் இருந்தன. ஆனால் நியாயமான கேள்விகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குப் பழக்கம் என்பதும் தெரிந்திருந்தது. கடைசியில் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொண்டேன். பறவையைக் குப்புறக் கிடத்தியது தான்தான் என்று யார் வாயிலிருந்தும் செல்லி கேட்கக் கூடாது.

செல்லி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முறத்தை நகர்த்தி வைத்து இடம் கொடுத்தார்.

"வாங்கக்கா. போன் பண்ணாம வந்திருக்கீங்க." என் முகத்தைப் பார்த்தார். "பறவை வந்துருச்சுங்களா?"

"வந்துடுச்சு."

"எது?"

"நாற்பத்தொண்ணு."

கீரைக்காம்பு ஒன்றைக் கிள்ளி முறத்தில் போட்டார். "சொல்லுங்க."

சேர்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "நான் தப்பாப் படிச்சுட்டேன் செல்லி. அவர் அந்தக் கரையில இருந்தார். நீ சொன்ன இடத்துல. அன்னைக்கே உயிர் போகல. சனிக்கிழமை வரைக்கும்…"

செல்லி இன்னொரு காம்பைக் கிள்ளினார். பக்கத்து வீட்டில் யாரோ ஆட்டை விரட்டும் சத்தம் கேட்டது.

"தெரியுமுங்க" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"தை மாசம் ஆத்துல தண்ணி முழங்காலுக்கு இறங்குச்சு. நானே எறங்கிப் போனேன். எந்த எடத்து மேல சுத்துச்சுன்னு அஞ்சு நாளு பாத்திருக்கேனே, தேட வேண்டியதே இல்ல. ரெண்டு பாறைக்கு நடுவுல விழுந்திருக்காரு. கால் எலும்பு ஒடஞ்சிருந்துச்சு. ரெண்டு பக்கமும் குச்சி வெச்சு துண்டால கட்டியிருந்தாரு. நல்லாக் கட்டியிருந்தாரு, அவிழவே இல்ல. எலும்பு சுத்தமா இருந்துச்சு. அங்கயே ஒரு வெப்பாலை மரத்தடியில வெச்சுட்டு வந்தேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனுங்களே. வியாழக்கிழம சொன்னேன்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். இல்லை.

"மனுஷன் கண்ணு ஏமாறும்னு சொன்னீங்க. அப்பறம் நான் போய் எலும்பைப் பாத்தேன்னு சொன்னாலும், ஏதோ கடமான் எலும்பைப் பாத்துட்டு வந்திருக்குன்னு நெனச்சிருப்பீங்க. அந்தப் பறவை சொன்னா நீங்க நம்புவீங்க. அதுக்குத்தான் மாசா மாசம் போன் பண்ணுவேன். என்னைக்காச்சும் அதுக்கும் வயசாகும், செத்து உங்க மேசைக்கு வரும்னு தெரியும். நான் ஒருத்தியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டு இருக்கறது முடியலக்கா. இன்னொருத்தருக்கும் தெரிஞ்சா தேவலைன்னு இருந்துச்சு."

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் நஞ்சனின் எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடி நெளிந்திருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய குறிப்புப் புத்தகம். எங்கள் அலுவலகம் கொடுத்ததுதான். நாள், நேரம், எண், குறிப்பு என்று நான்கு கட்டம்.

"எனக்குப் படிக்கத் தெரியும். ஆனா இது உங்களுக்கு எழுதினது" என்றார்.

பென்சிலில் எழுதியிருந்தார். கவிழ்த்த நாற்காலி போன்ற நான்கு.

*திங்கள், 3.10. 41, 17, 22. சுத்துது. இறங்கல.*

*புதன், 8.00. 41, 17. சுத்துது. இறங்கல. மழை இல்ல.*

*புதன், 4.30. 41 காலையில இருந்து காணோம். இப்ப வந்துச்சு. யாரோ புடிச்சு விட்டுருக்காங்க. நல்லது.*

*வெள்ளி, 10.00. 41. இறங்கல.*

*சனி, 9.20. 41. பக்கத்துப் பாறையில உக்காந்திருக்கு. இடது இறக்கையில ஆறாவது இறகு இல்ல, புதுசு முளைக்குது. எதிர்க்கரையில மேடம் சத்தம் கேக்குது. விசில் ஊதினேன். ஆத்துச் சத்தம்.*

அவ்வளவுதான். அதற்குக் கீழே கட்டங்கள் காலியாக இருந்தன.

'இடது' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டிருந்தார். அது அவர் வழக்கம். மல்லாக்கக் கிடந்து அண்ணாந்து பார்க்கும்போது பக்கம் மாறிவிடும் என்று நான்தான் முதல் வருடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தேன். எழுதியதும் ஒரு தரம் யோசித்து, சரிதான் என்று உறுதியான பிறகு கோடு போடுவார். பசியிலும் காய்ச்சலிலும், சுற்றிக்கொண்டிருந்த பறவை உட்கார்ந்துவிட்ட அந்தக் காலையிலும், ஒரு தரம் யோசித்துவிட்டுக் கோடு போட்டிருக்கிறார்.

புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

செல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நகம் கிழித்த தழும்பு அங்கே வெள்ளையாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அந்தப் பறவை தப்பு சொல்லலை. இன்னைக்குச் சரியாத்தானே சொல்லியிருக்கு. அப்ப அன்னைக்கு ஏன் மாறுச்சு?"

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ரொம்ப நாளா நெனச்சுப் பாக்கறது" என்றார். "அவர் எப்பவும் ஒரு தினுசாக் கெடத்துவாரு. நான் பயத்துல எப்படிப் போட்டேன்னே நெனப்பில்ல. நான் புடிச்சது சரியாத்தானே இருந்துச்சு?"

இருபத்தாறு வருடம் எலும்பு படித்திருக்கிறேன். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பெருமையில்தான் ஆற்றங்கரையில் இவர் தோளைத் தொட்டு அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"பிடிச்சது நீ" என்றேன். "தட்டுல கிடத்தினது நான். உன் கையில ரத்தம் வந்துட்டிருந்துச்சு, நீ துணியைக் கட்டிட்டிருந்தே. நான் வாங்கிப் போட்டேன். அவசரத்துல குப்புறப் போட்டுட்டேன். அதான் மாறிடுச்சு."

செல்லி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். முறத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க. கீரைதான்" என்றார்.

சாப்பிட்டேன்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் நிலோஃபர் திருத்த அறிக்கையை என் முன்னால் வைத்தாள். பழைய பதிவுத்தாளும் பக்கத்தில் இருந்தது. பறவையைக் கிடத்தியவர் என்ற கட்டத்தில் கமலவேணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிலோஃபர் பழைய தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, பழைய தாளை மெதுவாக மடித்து உறைக்குள் போட்டாள்.

என் பெயரின் கீழே ஒரு தரம் யோசித்துவிட்டு, ஒரு கோடு போட்டேன்.